பாட்டு நின்றதும் கூவிய மைக்: உப்புவெளி மண்டபமொன்றில் ஒரு நிகழ்வு ஆய்வு

பாடகி பாடிக்கொண்டிருக்கும் வரை மைக் ஒழுங்காகத்தான் இருந்தது. பல்லவி முடிந்து, புல்லாங்குழல் எடுப்பதற்கு முன் ஒரு விநாடியோ இரண்டோ இடைவெளி வருமே, அதற்குள்தான் ‘கீ’ என்று கிளம்பியது. சவுண்ட் பார்க்கும் பொடியன் ஓடிப்போய் ஃபேடரை (சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பிடி) இழுப்பான். அதற்குள் சரணம் தொடங்கிவிடும், குரல் கேட்காது, திரும்பவும் ஏற்றுவான். ஒரு சாமத்திய வீட்டு விழா முழுவதும் இப்படியே போயிருக்கிறது.

“அண்ணன், பாடேக்க கூவேல்ல, பாட்டு நின்டாத்தான் கூவுது” என்று குழுத் தலைவர் போனில் சொன்னார். வேலையில் பாதி அந்த ஒரு வரியிலேயே முடிந்துவிட்டது. சாதாரண ஃபீட்பேக் (ஸ்பீக்கர் சத்தம் திரும்ப மைக்குக்குள் புகுந்து கூவுவது) அப்படி ஆள் பார்த்து, நேரம் பார்த்து வராது. எங்கேயோ ஒரு கருவி, பாட்டு நின்றதும் சத்தத்தைத் தானாக ஏற்றுகிறது என்றுதான் அர்த்தம். அது எது என்பதை ஊகிக்க எனக்கு அதிக நேரம் எடுக்கவில்லை. ஆனாலும் போய்ப் பார்த்தபோது குற்றவாளி ஒன்றல்ல, மூன்று.

குழுவும் மண்டபமும்

திருகோணமலையில் கல்யாணம், கோயில் திருவிழா, பாடசாலை நிகழ்ச்சி எல்லாவற்றுக்கும் போகும் எட்டுப்பேர் மெல்லிசைக் குழு அது. பாடகர் ஒருவர், பாடகி ஒருவர், கீபோர்ட், பேஸ் கிட்டார், ட்ரம்ஸ், தபேலாவும் டோலக்கும் வாசிக்கும் ஒருவர், புல்லாங்குழல், அறிவிப்பாளர். 16 சானல் அனலாக் மிக்சர். முன்னால் 15 அங்குல ஸ்பீக்கர் பெட்டி இரண்டு, சப் (அடித்தொனி ஸ்பீக்கர்) இரண்டு. மேடையில் பாடுபவர்கள் தங்கள் குரலைக் கேட்க 12 அங்குல மொனிட்டர் நான்கு. இவற்றுடன் ஒரு ரேக். அதில் 31 பட்டை கிராஃபிக் ஈக்வலைசர் (ஒலியை அதிர்வெண் பட்டைகளாகப் பிரித்து ஏற்றி இறக்குவது) இரட்டை சானலில் ஒன்று, இரண்டு சானல் ஃபீட்பேக் சப்ரசர் (கூவும் சுரத்தைத் தானாகக் கண்டு வெட்டுவது) ஒன்று, நாலு சானல் கம்ப்ரசரும் (உரத்த ஒலியைத் தானாகக் குறைப்பது) கேட் கருவியும் (ஒலி மெலிந்தால் மைக்கை மூடுவது) சேர்ந்தது ஒன்று. அவுட்போர்ட் என்று நாங்கள் சொல்வது இந்த ரேக்கைத்தான். எங்கள் ஊர்க் குழுவொன்றுக்கு இது குறைவான சாமான் இல்லை.

மண்டபம் நிலாவெளி வீதிப் பக்கம். தரை முழுக்க டைல்ஸ், கடற்பக்கம் முழுக்கக் கண்ணாடிக் கதவு, ஏசி போட்டால் அத்தனையும் இழுத்து மூடியிருக்கும். மேடைக்குப் பின்னால் வெறும் கொங்கிரீட் சுவர். கேக் மேசைக்கும் படம் எடுப்பவர்களுக்கும் இடம் வேண்டும் என்று முன் ஸ்பீக்கர்களை மேடையின் இரு பக்கமும், பாடுபவர்களின் வரிசைக்குச் சற்றுப் பின்னால் வைத்திருந்தார்கள். பாடகியின் மைக்கிலிருந்து பக்கத்துப் பெட்டி ஒன்றரை மீற்றர் இருக்கும்.

இதே குழு, இதே ரேக், ஒரு கோயில் திருவிழாவில் திறந்தவெளியில் ஒரு சத்தமும் இல்லாமல் வாசித்துவிட்டுத்தான் இங்கே வந்திருக்கிறது. அதனால் ‘மண்டபம் சரியில்லை’ என்று முடிவு கட்டிவிட்டார்கள். மண்டபம் சரியில்லைதான். ஆனால் வெளியில் சத்தம் போனால் போனதுதான், திரும்பி வராது. அங்கே மறைந்திருந்த பிழைகளை இந்தக் கண்ணாடியும் டைல்ஸும் வெளியே கொண்டுவந்தன, அவ்வளவுதான்.

எந்த வளையம் கூவுகிறது?

மைக்கில் புகுந்த ஒலி மிக்சர், அம்ப் (ஆம்ப்ளிஃபையர்), ஸ்பீக்கர் என்று சுற்றித் திரும்ப மைக்குக்கே வருகிறது. ஏதாவதொரு அதிர்வெண்ணில் திரும்பி வருவது முதலில் போனதற்குச் சமமாகவோ கூடவோ இருந்து, அலையின் கட்டமும் (ஏற்ற இறக்கமும்) ஒத்துப்போனால், அந்தச் சுரம் மட்டும் சுற்றச் சுற்ற வளரும். டென்மார்க் இயற்பியலாளர் சோரன் லார்சனின் பெயரால் லார்சன் விளைவு என்பது இதைத்தான். ஒரு மேடையில் இப்படி ஒரு வளையம் மட்டும் இருப்பதில்லை. முன் ஸ்பீக்கர் வழியாக ஒன்று, ஒவ்வொரு மொனிட்டர் வழியாகவும் ஒவ்வொன்று.

எனவே ரேக்கைத் தொடுவதற்கு முன்னால், வெறும் மண்டபத்தில் முன் ஸ்பீக்கரை முற்றாக அடைத்துவிட்டு மொனிட்டரை மட்டும் மெல்ல ஏற்றினோம். வழக்கமாக வைக்கும் அளவுக்கு வருமுன்னரே பாடகியின் மைக் கூவியது. அடுத்து மொனிட்டரை அடைத்துவிட்டு முன் ஸ்பீக்கரை ஏற்றினோம். வழக்கமான அளவையும் தாண்டிப் போன பிறகுதான் அடித்தொண்டையில் ‘ஊம்’ என்று ஒன்று எழுந்தது. ஆக, விழாவைக் கெடுத்தது மொனிட்டர்.

ரேக்கின் வயரைப் பின்பக்கம் போய்ப் பார்த்தால், கிராஃபிக் ஈக்வலைசரின் இரண்டு சானலும் முன் ஸ்பீக்கரின் இடம் வலம். சப்ரசரும் அதற்குப் பின்னால் முன் ஸ்பீக்கரிலேயே. மொனிட்டர் பாதையில் எதுவுமே இல்லை, மிக்சரின் ஆக்ஸ் (மொனிட்டருக்குத் தனியாகக் கலந்து அனுப்பும்) வெளியீட்டிலிருந்து நேராக அம்புக்குப் போகிறது. தலைவலிக்குக் காலில் தைலம் பூசிய கதைதான். பொடியனைக் குற்றம் சொல்ல முடியாது. சனம் கேட்பது முன் ஸ்பீக்கரை, ஆகவே நல்ல சாமானெல்லாம் முன்னுக்கு என்று யாரும் நினைப்பார்கள்.

கம்ப்ரசர் செய்த வேலை

இனி அந்த இரண்டு விநாடிக்கு வருவோம். கம்ப்ரசர் பாடகர் இருவரின் சானல் இன்சர்ட்டிலும் (வெளிக்கருவியைப் பாதையின் இடையில் செருகும் துளை) பூட்டப்பட்டிருந்தது. ட்ரெஷோல்டை, அதாவது குறைப்பு தொடங்கும் மட்டத்தை, நன்றாகக் கீழே இறக்கி, குறைக்கும் விகிதம் 4:1, குறைந்ததை ஈடுகட்ட மறுபடி ஏற்றும் மேக்-அப் கெயின் 8 டெசிபல் (ஒலி மட்டத்தின் அலகு). பாடகி உரத்துப் பாடும்போது கருவியின் சிவப்பு விளக்குகள் 8 டெசிபல் வரை குறைப்பைக் காட்டின. குறைத்தது 8, ஏற்றியது 8, கணக்கு நேர். அதனால்தான் பாடும்போது பிரச்சினை இல்லை.

அவர் வாயை மூடியதும் என்ன நடக்கிறது? சிவப்பு விளக்குகள் ஒவ்வொன்றாக அணைகின்றன. ரிலீஸ் நேரம், அதாவது கம்ப்ரசர் பிடியை விட எடுக்கும் நேரம், முடிந்ததும் குறைப்பு பூச்சியம். ஆனால் மேக்-அப் 8 டெசிபல் அப்படியே நிற்கிறது. அதாவது, பாடாத நேரத்தில் அந்த மைக் பாடும் நேரத்தைவிட 8 டெசிபல் கூடுதலாகத் திறந்திருக்கிறது. வளையம் எல்லையைத் தாண்டுகிறது, ‘கீ’ வளர்கிறது. அது வளர்ந்து ட்ரெஷோல்டைத் தொட்டால் கம்ப்ரசர் அதையும் பிடித்து ஒரே அளவில் நிறுத்தி வைக்கும். அதனால்தான் அந்தக் கூவல் காதைக் கிழிக்கும் அளவுக்கு ஏறாமல், அடங்கவும் அடங்காமல், ஒரே மட்டத்தில் நின்றது. பொடியன் அதைப் பார்த்து ‘சப்ரசர் வேலை செய்யுது, முழுசாப் பிடிக்கேல்ல’ என்று நினைத்திருக்கிறான்.

சவுண்ட் செக்கில் இது தெரியாமல் போனதற்கும் காரணம் உண்டு. கம்ப்ரசரை பைபாஸில், அதாவது ஒலி அதைத் தொடாமல் போகும்படி, வைத்து அளவெல்லாம் பார்த்துவிட்டு, நிகழ்ச்சி தொடங்கும்போது உள்ளே எடுத்திருக்கிறார்கள். அந்த ஒரு பொத்தானோடு 8 டெசிபல் உள்ளே வந்துவிட்டது.

மேக்-அப்பைக் குறைத்து அந்தளவுக்கு ஃபேடரை ஏற்றினால் சரிவருமா என்று தலைவர் கேட்டார். சரிவராது. வளையத்துக்கு எந்தக் குமிழில் ஏற்றினீர்கள் என்பது தெரியாது, மொத்தக் கூட்டுத்தொகைதான் கணக்கு. ஆகவே கம்ப்ரசரைச் சானல் இன்சர்ட்டிலிருந்து கழற்றினோம். பெரும்பாலான அனலாக் மிக்சர்களில் சானல் இன்சர்ட் ஆக்ஸுக்கு முன்னால் இருக்கிறது. அங்கே பூட்டும் கம்ப்ரசர் முன் ஸ்பீக்கருக்கும் போகும், மொனிட்டருக்கும் போகும். பாடகர்கள் இருவரையும் ஒரு குரூப்புக்கு (சில சானல்களை ஒன்றாகச் சேர்க்கும் பாதை) அனுப்பி, அந்தக் குரூப்பின் இன்சர்ட்டில் கம்ப்ரசரைப் போட்டால், மொனிட்டர் சானலிலிருந்து நேராக எடுத்துக்கொள்ளும், கம்ப்ரசரின் கை அதில் படாது. விகிதம் 3:1, உரத்த இடத்தில் 4 டெசிபலுக்கு மேல் குறைக்காதபடி ட்ரெஷோல்ட், மேக்-அப் பூச்சியம்.

இந்த மாற்றம் ஒன்றோடேயே இடைவெளியில் வந்த கூவல் நின்றுவிட்டது. பாடகிக்கும் இன்னொரு விதத்தில் நிம்மதி. மொனிட்டரில் கம்ப்ரசர் இருந்தால், எவ்வளவு அழுத்திப் பாடினாலும் காதுக்கு அதே அளவுதான் வரும். அவர் மேலும் அழுத்துவார், தொண்டை கட்டும். “இப்பத்தான் அண்ணா என்ர குரல் எனக்கு விளங்குது” என்றார்.

இந்த வேலையின் நடுவில் ஒரு சின்ன இடைஞ்சல். குரூப் இன்சர்ட்டில் ஜாக்கைச் செருகியதும் பாட்டு பாதிச் சத்தத்தில் வந்தது, கரகரத்தது. கடற்காற்று உள்ள ஊரில் இது அன்றாடம். பாவிக்காத இன்சர்ட் துளைகளின் உள்தகடுகள் பச்சை பிடித்துவிடும். கொன்டக்ட் கிளீனர் கொஞ்சம் அடித்து, ஜாக்கைப் பல தடவை செருகி இழுத்தால் சரி. இன்சர்ட்டுக்கு ஒரே ஜாக்கில் போக்கும் வரவும் உள்ள கேபிள் வேண்டும், பெரும்பாலும் ஜாக்கின் முனை போக்கு, அதற்கடுத்த உலோக வளையம் வரவு. அது கையில் இல்லாததால்தான் முன்பு குரூப் இன்சர்ட்டைத் தொடாமலே விட்டிருக்கிறார்கள். கொழும்பு முதலாம் குறுக்குத் தெருவில் விலைக்கு வாங்கலாம், சோல்டரிங் தெரிந்தவர் வீட்டிலேயே செய்துகொள்ளலாம்.

சேரின் மேல் ஸட்ஜம்

புல்லாங்குழல் வாசிப்பவர் ஓய்வுபெற்ற சங்கீத ஆசிரியர். எல்லோரும் சேர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவருடைய முறைப்பாடு யாருடைய கணக்கிலும் வராமல் கிடந்தது. “நிகழ்ச்சி தொடங்கேக்க குழல் நல்லாக் கேக்கும் தம்பி. முடியிற நேரம் பாத்தா ஸட்ஜம் மட்டும் மெலிஞ்சு போகுது.”

சப்ரசரின் பதிவைப் பார்த்தோம். முன் ஸ்பீக்கரில், தானாகப் பிடிக்கும் நிலையில், இருந்த வடிகள் (ஒரு அதிர்வெண்ணை மட்டும் வெட்டும் ஃபில்டர்கள்) அத்தனையும் நிரம்பியிருந்தன. அவற்றில் ஒன்று 780 ஹெர்ட்ஸ் சுற்றில், இன்னொன்று 1,570 சுற்றில். சேரின் குழல் 5 கட்டை, அதாவது ஜி. அந்தச் சுரத்தின் ஒரு ஸ்தாயி 784 ஹெர்ட்ஸ், அடுத்தது 1,568. கருவி ஃபீட்பேக்கைப் பிடிக்கவில்லை, சேரைப் பிடித்திருக்கிறது!

இதில் கருவியின் பிழை என்று பெரிதாக எதுவும் இல்லை. ஃபீட்பேக் என்பது தனிச் சுரம், ஒரே அதிர்வெண்ணில் நீண்டு நிற்கும், மேற்சுரங்கள் பெரிதாக இராது. மனிதக் குரலிலும் வயலினிலும் ஒரு சுரத்தின் மேல் பல மேற்சுரங்கள் ஏறி நிற்கும், சப்ரசர் அதைப் பார்த்துத்தான் ‘இது பாட்டு’ என்று விடுகிறது. குழலோ மேற்சுரம் குறைந்த வாத்தியம். மேல் ஸ்தாயியில் ஸட்ஜத்தை அசையாமல் நீட்டிப் பிடித்தால் கருவிக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. கீபோர்டின் சில நீண்ட பின்னணி ஒலிகளும் இப்படி மாட்டும். சேர் எவ்வளவு சுத்தமாக வாசிக்கிறாரோ அவ்வளவுக்கு அவருக்குத் தண்டனை.

முழு இசையும் போகும் பாதையில் தானியங்கி சப்ரசர் வைக்கக் கூடாது என்பது என் அபிப்பிராயம். வேறு விதமாகச் செய்து நன்றாக நடத்துபவர்களும் இருக்கிறார்கள், ஆனால் அவர்களுடைய குழுவில் குழல் இருப்பதில்லை. நாங்கள் சப்ரசரின் ஒரு சானலைப் பாடகர் குரூப்பில், கம்ப்ரசருக்குப் பின்னால் போட்டோம். சவுண்ட் செக்கில் பிடித்த நிலையான வடிகள் நாலு மட்டும், அதற்குப் பிறகு பூட்டு. மற்றச் சானல் அறிவிப்பாளரின் கோர்ட்லெஸ் மைக்குக்கு. அந்த ஆள் நடந்துகொண்டே பேசுவார், சபைக்குள் இறங்குவார், ஸ்பீக்கருக்கு முன்னால் நின்று பரிசு கொடுப்பார். எங்கே நிற்பார் என்று தெரியாத மைக்குக்குத்தான் ஓடிப் பிடிக்கும் வடி தேவை. பேச்சில் நீண்ட சுரம் இல்லாததால் கருவி ஏமாறுவதும் குறைவு.

சுரத்தையே சில ஹெர்ட்ஸ் நகர்த்தி வளையத்தை உடைக்கும் வழியும் உண்டு. மன்ஃப்ரெட் ஷ்ரோடர் 1960களில் பெல் ஆய்வகத்தில் இருந்தபோது முன்வைத்தது, 5 ஹெர்ட்ஸ் நகர்த்தினாலே பலன் தரும். பேச்சுக்குப் பரவாயில்லை. பாடுபவர் தன் குரலோடு 5 ஹெர்ட்ஸ் தள்ளிய குரலையும் மொனிட்டரில் கேட்டால் சுருதி அலைபாயும், கர்நாடக சங்கீதம் படித்த எவரும் அந்த மேடையில் நிற்கமாட்டார்.

மொனிட்டரில் ஈக்வலைசர்

கிராஃபிக் ஈக்வலைசரின் இரண்டு சானலும் மொனிட்டருக்குப் போயின. ஒன்று பாடகர்களுக்கு, மற்றது சேருக்கும் தபேலாவுக்கும். ஆக்ஸ் வெளியீட்டுக்கும் அம்புக்கும் இடையில் நேராகப் பூட்டினால் போதும், இன்சர்ட் தேவையில்லை.

பிறகு ரிங் எடுத்தோம், அதாவது கூவும் அதிர்வெண்களைத் தேடிப் பிடித்து இறக்கினோம். பாடகி நிற்கும் இடத்தில், அவர் பிடிக்கும் உயரத்தில் மைக். ஈக்வலைசர் முழுக்க நேர்கோட்டில். ஆக்ஸ் மாஸ்டரை மெல்ல மெல்ல ஏற்ற, மைக்கைத் தட்டினால் வால் நீண்டு ஒலிக்கும் ஒரு கட்டம் வரும், முழுக்கக் கூவுமுன் அங்கேயே நிறுத்த வேண்டும். எந்தப் பட்டை என்று காது சொல்லவில்லை என்றால் போனில் ஒரு ஸ்பெக்ட்ரம் செயலியைத் திறந்து வைத்தால் குச்சியாக எழும்பிக் காட்டும். முதலில் எழும்பியது 2.5 கிலோஹெர்ட்ஸ். 3 டெசிபல் இறக்கினோம், மேலும் ஏற்ற அதுவே மறுபடி வந்தது, இன்னொரு 3. அடுத்தது 315 ஹெர்ட்ஸ், அதில் 4 டெசிபல். அப்புறம் 5 கிலோஹெர்ட்ஸில் 3. அதற்கு மேல் ஏற்றியபோது மூன்று சுரம் ஒன்றாகக் கிளம்பின. அதுதான் எல்லை. அங்கிருந்து ஆக்ஸை 6 டெசிபல் கீழே இறக்கி வைத்தோம். அந்த 6 டெசிபல் இடைவெளி இல்லாமல் நிகழ்ச்சியைத் தொடங்கக் கூடாது.

பொடியன் இன்னும் நாலைந்து பட்டையை இறக்கலாம் என்றான். இறக்கலாம், ஆனால் குரலும் கூடவே இறங்கும். பிறகு குரல் கேட்கவில்லை என்று ஆக்ஸை ஏற்றுவோம், இறக்கிய பட்டையெல்லாம் பழைய இடத்துக்கே வந்து நிற்கும். 31 பட்டை ஈக்வலைசரின் ஒவ்வொரு பட்டையும் மூன்றிலொரு ஒக்டேவ் (ஸ்தாயி). 2.5 கிலோஹெர்ட்ஸில் அது ஏறத்தாழ 580 ஹெர்ட்ஸ் அகலம், பக்கத்துப் பட்டைகளையும் சேர்த்து இழுக்கும். சப்ரசர் வடி பத்திலொரு ஒக்டேவ் என்று வைத்தால் அதே இடத்தில் 170 ஹெர்ட்ஸ் அளவுதான். மெல்லிய வெட்டு வேண்டிய இடத்தில் சப்ரசர், மொனிட்டரின் பொதுவான முரட்டுத்தனத்தை அடக்க கிராஃபிக். இரண்டையும் ஒரே வேலைக்கு அடுக்குவதில் பயனில்லை.

ரேக்குக்கு வெளியே

இதுவரை சொன்னதெல்லாம் சேர்த்து மொனிட்டரில் எங்களுக்குக் கிடைத்தது 5 டெசிபல் இருக்கும். அதற்குக் குறையாத இன்னொரு பங்கு ஒரு சதமும் செலவில்லாமல் கிடைத்தது.

பாடகியின் சொந்த மைக் சூப்பர்கார்டியோயிட் வகை, கார்டியோயிட்டைவிடக் குறுகிய கோணத்தில் முன்பக்க ஒலியை எடுப்பது. ஷூர் எஸ்.எம். 58 போன்ற கார்டியோயிட் மைக் நேர் பின்னால் வரும் ஒலியைத்தான் மிகக் குறைவாக எடுக்கும், அதற்கு மொனிட்டரை நேர் எதிரே வைப்பது சரி. சூப்பர்கார்டியோயிட் நேர் பின்னால் கொஞ்சம் எடுக்கும், அதன் செவிட்டுப் புள்ளி முன்பக்கத்திலிருந்து 125 பாகை அளவில், இரண்டு பக்கமும் இருக்கிறது. இவருடைய மொனிட்டர் மைக்கின் வாலுக்கு நேராக இருந்தது. ஒரு பக்கம் 55 பாகை நகர்த்தித் திருப்பி வைத்தோம்.

பாடகர் தம்பி மைக்கின் வலைத்தலையைக் கையால் பொத்திப் பிடிப்பவர். பொத்தினால் எந்தக் கார்டியோயிட்டும் எல்லாப் பக்கமும் கேட்கும் மைக்காகிவிடும். சொன்னால் முகம் சுளிப்பார் என்று, பொத்தும்போது கூவுவதை நேரில் காட்டினோம். கையைக் கீழே இறக்கி, வாயிலிருந்து 15 சென்ரிமீற்றரில் பிடித்ததை 5-க்குக் கொண்டுவந்தார். தூரம் மூன்றிலொன்றானால் மைக்குக்குப் போகும் குரல் 9 டெசிபலுக்கு மேல் கூடும். எந்தக் கருவியும் இவ்வளவு கொடுக்காது.

முன் ஸ்பீக்கர் விடயத்தில் கொஞ்சம் வாக்குவாதம். கேக் மேசையை ஓரமாக நகர்த்த விழா வீட்டார் சம்மதிக்க வேண்டியிருந்தது. கடைசியில் பெட்டிகளைப் பாடுபவர் வரிசைக்கு முன்னால், 3 மீற்றர் தள்ளி வைத்தோம். தூரம் இரட்டித்தால் 6 டெசிபல் குறையும் என்பது திறந்தவெளிக் கணக்கு, எதிரொலி உள்ள மண்டபத்தில் அவ்வளவு கிடைக்காது. கடற்பக்கக் கண்ணாடிக் கதவு இரண்டைத் திறந்து வைக்கச் சொல்லியும் கேட்டோம், ஏசி காற்று போய்விடும் என்று மறுத்துவிட்டார்கள். அது அவர்கள் பாடு.

கேட் பற்றி அதிகம் சொல்ல இல்லை. அது ஃபீட்பேக்கைக் குணப்படுத்தாது, பாவிக்காத மைக்கை மூடி வைக்கும், அவ்வளவே. திறந்திருக்கும் மைக் 8 என்பதை 4 ஆக்கினால் 3 டெசிபல் மிச்சம். ட்ரம்ஸின் டொம் மைக்குகளுக்குப் போட்டோம். தபேலாவுக்குப் போடவில்லை, மெல்லிய விரலடிகளை அது விழுங்கிவிடும்.

அடுத்த நிகழ்ச்சி அன்று

அதே மண்டபத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. சனம் நிரம்பியதும் மண்டபத்தின் கூர்மை குறைந்தது. சேலையும் ஆளுமாக இருக்கும் சபை மேல் அதிர்வெண்களை நன்றாக உறிஞ்சும், வெறும் மண்டபத்தில் கேட்ட 5 கிலோஹெர்ட்ஸ் ஆட்கள் வந்தபின் எழும்பவேயில்லை. அந்தப் பட்டையை நேருக்குத் திருப்பிவிட்டோம், குரல் தெளிந்தது. பாட்டுகளுக்கு இடையில் எதுவும் கூவவில்லை. சேரின் ஸட்ஜம் கடைசிப் பாட்டிலும் முதல் பாட்டில் இருந்தபடியே இருந்தது. அறிவிப்பாளர் ஒருமுறை ஸ்பீக்கருக்கு நேரே போய் நின்றார். ‘கீ’ என்று தொடங்கி அரை விநாடியில் வடி விழுந்து அடங்கியது.

இன்னும் முடியாத வேலை டோலக்கின் இடந்தலை. முன் ஸ்பீக்கரை மட்டும் ஏற்றியபோது வந்த ‘ஊம்’ அங்கிருந்துதான் வருகிறது, 160 ஹெர்ட்ஸ் பக்கம். முதலில் கரண்ட் இரைச்சல் என்று சொன்னார்கள். இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அந்த இரைச்சல் 50-இலும் அதன் மடங்குகளிலும் நிற்கும், தோலைக் கையால் அமத்தினால் நிற்காது. இது நின்றது. சப் பெட்டிகள் மேடையிலேயே இருப்பதால் அந்தத் தோல் சப்போடு சேர்ந்து அதிர்கிறது. அந்தச் சானலைச் சப்புக்குப் போகாமல் வெட்ட மிக்சரில் ஒரு ஆக்ஸ் மிச்சமில்லை. இப்போதைக்கு 160-இல் சானலின் ஈக்வலைசரால் கொஞ்சம் இறக்கி, மைக்கைத் தோலுக்கு நெருக்கி வைத்திருக்கிறோம். சப்பை மேடையை விட்டு இறக்கித் தரையில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். அதற்கு நீளமான கேபிள் வேண்டும், அதை வாங்குவது தலைவர் பொறுப்பு.